அணைந்த விளக்குக்கு யார் பொறுப்பு?

மின்சிக்கன விளக்கின் காலம் முடிந்துவிட்டது. இனி அதனைப் பற்றிப் பேசுவது வீண் என்று கூறுவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். படித்தோர் கூறுகின்றனர், உத்தியோகத்தர் கூறுகின்றனர், சபைகளில் ஆசனம் வகிப்போரும் அதையே கூறித் தப்பிக்கொள்கின்றனர். எல்.ஈ.டி. விளக்கு வந்துவிட்டதாம், சீ.எவ்.எல். எனப்பட்ட சுருள் விளக்குத் தானாகவே ஒழிந்துபோகுமாம். ஆகவே வழக்கு முடிந்ததாம்! வழக்கு முடியவில்லை. இப்பொழுதுதான் அது விசாரணைக்கே வருகின்றது. எரிகின்ற விளக்கின் நஞ்சு கண்ணாடிக்குள் அடைபட்டுக் கிடக்கும். அணைந்து, எறியப்பட்டு, உடைந்த விளக்கின் நஞ்சே வெளியில் வரும். ஆண்டுக்கணக்காக நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் வந்து குவிந்த விளக்குகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துகொண்டிருக்கும் காலம் இது. அவை எங்கே போகின்றன? விற்றவர் திரும்பப் பெறுகின்றாரா? சபை பிரித்தெடுக்கின்றதா? இல்லை. குப்பையோடு குப்பையாக நம் மண்ணுக்கே வருகின்றன.

முதலில் பொருளின் தன்மையைத் தெளிவாக அறிந்துகொள்வோம். ஆத்திரத்தில் அளவை மறப்பது நியாயவாதிக்கு அழகன்று. அந்தச் சுருள் குழாய்க்குள்ளும், நீண்ட ரியூப் விளக்குக்குள்ளும் சிறிதளவு பாதரசம் உண்டு. பாதரச ஆவியினூடாக மின்சாரம் பாயும்போது கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர் எழுகின்றது. கண்ணாடியின் உட்புறத்துப் பூசிய வெண்பொடி அதனை ஏற்று வெளிச்சமாக மாற்றுகின்றது. பாதரசம் இன்றேல் இவ்விளக்கு எரியாது. ஒரு சீ.எவ்.எல். விளக்கில் உள்ள பாதரசம் பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்கு உட்பட்டது. காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானியிலோ 500 மில்லிகிராம் அளவு இருந்தது. ஆகவே ஒரு விளக்கு உடைந்த மாத்திரத்தில் குடும்பமே அழிந்துவிடும் என்று கூறுவது பொய்யுரை.

விளக்கு செய்த நன்மையையும் மறைக்கவேண்டியதில்லை. 60 வாற்று இழைக் குமிழ் 8,000 மணித்தியாலம் எரிந்தால் 480 அலகு மின்சாரம் செலவாகும். அதே வெளிச்சம் தரும் 13 வாற்றுச் சுருள் விளக்குக்கு அதே நேரத்தில் 104 அலகே போதும். மிஞ்சியது 376 அலகு. ஏழைக் குடும்பத்தின் மின்கட்டணத்தில் இது சிறு தொகையன்று. இந்த நன்மையின் பெயரால் வேறொரு கடமையைக் கைகழுவினார்களே, அதுவே நம் குற்றச்சாட்டு.

வீட்டில் விளக்கு உடைந்தால் செய்யவேண்டியதை விற்றவர் எவரும் நம் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையாதலால், இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள்; யன்னல்களைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரமாவது அறையை விட்டு விலகி நில்லுங்கள். விசிறியை நிறுத்துங்கள். தும்புத்தடியால் கூட்டாதீர்கள், தூசி உறிஞ்சும் யந்திரமும் ஆகாது, இரண்டும் ஆவியையும் பொடியையும் அறையெங்கும் பரப்பும். தடித்த மட்டைத் துண்டால் கண்ணாடியை அள்ளி, ஒட்டும் நாடாவால் பொடியை ஒற்றி எடுத்து, ஈரக் கடதாசியால் துடைத்து, எல்லாவற்றையும் உலோக மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக மூடி வீட்டுக்கு வெளியே வையுங்கள். அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போடவே வேண்டாம். சூடு பட்டால் பாதரசம் காற்றிலேறும். சரி, போத்தலில் அடைத்தாயிற்று. அடுத்து அந்தப் போத்தலை யாரிடம் கொடுப்பது? இங்கேதான் சட்டமும் அரசும் வாய்மூடி நிற்கின்றன.

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பொறியியலாளர் சிலர் ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவர். நிலக்கரியில் இயல்பாகவே பாதரசம் உண்டு. அதை எரித்து மின்சாரம் செய்தால் புகைபோக்கி வழியாகப் பாதரசம் வெளியேறும். சிக்கன விளக்கு மின்சாரத்தைக் குறைப்பதால், தன் வயிற்றிலுள்ள பாதரசத்தைக் காட்டிலும் அதிகமான பாதரசத்தைத் தடுத்துவிடுகிறது என்பது அவர்களுடைய வாதம். அமெரிக்க நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனமே இவ்வாறு கணக்கிட்டது. அமெரிக்காவுக்கு அது சரியான கணக்கு. ஆனால் இலங்கையில் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் இயங்கத் தொடங்கியது 2011 ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் நம் நாட்டு மின்சாரம் நீரிலும் எண்ணெயிலும் பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதையோ இன்னும் வேறு. போர்க்காலத்தில் தேசிய மின்தொடரிலிருந்து அறுபட்டுக் கிடந்த குடாநாட்டுக்கு எண்ணெய் எரித்த இயந்திரங்களே மின்சாரம் தந்தன. போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே தொடர் மீண்டது. நிலக்கரி ஒரு கட்டியும் எரியாத மின்சாரத்தில் ஏற்றிய விளக்குக்கு நிலக்கரிக் கணக்கைக் காட்டுவது எவ்வகை நியாயம்? இன்று நிலக்கரி மின்சாரம் நமக்கும் வருகிறது என்பது உண்மையே. அதனாலும் கடன் தீராது. நுரைச்சோலையின் புகைபோக்கியில் மிச்சம் பிடித்ததைக் காட்டி, என் கிணற்றடியில் கொட்டியதை மன்னிக்கச் சொல்வது, ஒருவனுக்குச் செய்த உதவியைக் காட்டி மற்றொருவனிடம் பட்ட கடனை அழிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

"சிறுதுளிதானே" என்பாரும் உளர். அவர்கள் குடாநாட்டின் நிலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். நமக்கு மகாவலி இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு இருக்கிறது. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர். அந்நீரே நம் குடிநீர், அதுவே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பு நீர். மேலே விழுவது வடிகட்டப்படாமலே கீழே செல்லும் நிலம் இது. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 0.006 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கின்றது. அந்த அளவை வைத்துப் பெருக்கினால், 5 மில்லிகிராம் என்பது 800 இலீற்றருக்கு மேற்பட்ட நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. உடைந்த விளக்கிலுள்ள பாதரசம் முழுவதும் கிணற்றுக்குள் இறங்கிவிடுவதில்லை. ஒரு பங்கு காற்றோடு போகும். ஒரு பங்கு மண்ணில் ஒட்டும். ஆயினும் ஒரு விளக்கைப் பற்றியா நாம் பேசுகின்றோம்? ஆண்டுதோறும், வீடுதோறும் எறியப்படும் விளக்குகளைப் பற்றியல்லவா பேசுகின்றோம்? பாதரசம் ஒரு மூலகம். அது அழுகாது, மட்காது, வெயிலில் காய்ந்து மறையாது. இன்று புதைத்ததன் மேல் நாளை புதைப்பது கூடிக்கொண்டே போகும்.

கடனீரேரியின் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதயில் பாதரசம் என்னும் கொடிய சேர்வையாக மாற்றவல்லன. சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் அது ஏறும். ஏற ஏறச் செறியும். கருவிலுள்ள குழந்தையின் மூளையையே அது முதலில் தாக்கும். ஜப்பானிலுள்ள மினமாட்டா நகரம் இதற்கு உலகறிந்த சான்று. சிசோ என்னும் இரசாயன நிறுவனம் 1932 முதல் தன் கழிவைக் கடலில் கலந்தது. 1956 இல் நோய் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. கைகால் நடுங்கிப் பேச்சிழந்த மீனவக் குடும்பங்கள் நியாயம் கேட்டு அலைந்தன. ஆலையின் கழிவே காரணமென்று ஜப்பானிய அரசு ஒப்புக்கொண்டது 1968 இல்! 2004 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், நிறுவனத்தோடு அரசும் பொறுப்பாளியே என்று தீர்த்தது. அத்தீர்ப்பின் சாரத்தை நம் சபைத் தலைவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். அரசு தன் கையால் பாதரசத்தைக் கொட்டவில்லை; தடுக்க அதிகாரம் இருந்தும், 1959 முடிந்த பின்னரும் தடுக்காமல் இருந்ததே அதன் குற்றம். மினமாட்டாவில் கொட்டிய அளவையும் நம் விளக்குகளின் அளவையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அறிந்தும் வாளாவிருந்த அதிகாரியின் பொறுப்பு எங்கும் ஒன்றே என்று கூறுகின்றோம்.

தமிழ் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. நியூயோர்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் பெயர்ந்து கொடைக்கானல் மலைக்கு வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிச் சிதறல்கள் ஊரிலுள்ள பழம்பொருள் வியாபாரியின் வளவில் கண்டெடுக்கப்பட்டதனாலேயே விடயம் அம்பலமாயிற்று. 2001 இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு இழப்பீட்டு உடன்படிக்கை கிடைத்தது 2016 இல். பதினைந்து ஆண்டு! நம் தெருக்களிலும் பழைய இரும்பும் போத்தலும் வாங்குவோர் வருகின்றனர். அவர்கள் சாக்கில் என்ன கண்ணாடி போகிறது என்று எந்த அதிகாரி பார்க்கின்றார்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93 ஆம் பிரிவு, வீட்டுக் குப்பையை அகற்றி முறைப்படி ஒழிப்பது சபையின் கடமை என்கின்றது. 94 ஆம் பிரிவோ, சபை சேகரித்த குப்பை சபையின் சொத்து என்கின்றது. மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின் 129, 130 ஆம் பிரிவுகளும் இவ்வாறே. சொத்து யாருடையதோ, அதனால் அயலானுக்கு வரும் தீங்குக்கும் அவனே விடை சொல்லவேண்டும். சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவனும் இதை அறிவான். 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரி 1 ஆம் திகதிய வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள், அபாயக் கழிவைச் சேர்ப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் ஒழிப்பதற்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும் என்கின்றன. அழகான விதி! ஆனால் நூறு விளக்குகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகும் சபை ஊழியன், கையுறையும் இன்றி அவற்றை நொறுக்கிக் கொட்டுகிறான். அவனுக்கு உரிமமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்த ஏழைத் தொழிலாளியின் நுரையீரலே நம் நாட்டுப் பாதரசக் கழிவு நிலையமாயிருக்கின்றது.

விளக்குப் பெட்டியில் நட்சத்திரங்கள் அச்சிட்டிருந்தார்கள். நிலைபெறுதகு வலு அதிகார சபையின் முத்திரை அது. அந்நட்சத்திரங்கள் மின்சிக்கனத்தை அளந்து காட்டின. அணைந்த பின் எங்கே ஒப்படைப்பது என்று காட்டும் ஒரு நட்சத்திரமும் அவ்வானத்தில் உதிக்கவில்லை.

மினமாட்டாவின் பெயராலேயே 2013 இல் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. 2017 இல் இலங்கையும் அதில் தரப்பாயிற்று. 30 வாற்றுக்கு உட்பட்ட, தன்னுள்ளேயே மின்சுற்றுக் கொண்ட சுருள் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025 உடன் நிறுத்துவதென 2022 இல் பாலியில் கூடிய மாநாடு தீர்மானித்தது. ரியூப் விளக்குகளுக்கு 2027 எல்லையென 2023 இல் ஜெனீவாவில் தீர்மானித்தனர். இதையே "வழக்கு முடிந்தது" என்பாரின் ஆதாரமாகக் காட்டுகின்றனர். உடன்படிக்கையை முழுதாக வாசிக்கட்டும். பொருளைத் தடுப்பது 4 ஆம் உறுப்புரை. பாதரசக் கழிவைச் சுற்றாடலுக்கு ஊறின்றிக் கையாளவேண்டும் என்று கட்டளையிடுவது 11 ஆம் உறுப்புரை. வாசலை அடைக்கும் விதியை மட்டும் வாசித்து, வீட்டுக்குள் ஏற்கெனவே புகுந்ததைப் பற்றிய விதியை வாசியாமல் விடுவது எவ்வகைச் சட்ட அறிவு?

ஐரோப்பாவில் இது எப்படி நடந்தது? விளக்கைச் செய்தவனும் இறக்குமதி செய்தவனுமே அணைந்த விளக்கைச் சேகரிக்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்று அங்கே சட்டம் விதித்தது. பெரிய கடையானால், வாடிக்கையாளன் கொண்டுவரும் சிறு மின்கழிவை, புதிதாக ஒன்றும் வாங்காவிட்டாலும், இலவசமாகப் பெற்றுக்கொள்ளவேண்டும். அயலிலுள்ள இந்தியா 2016 ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளில் பாதரச விளக்குகளைச் சேர்த்து, பொறுப்பை உற்பத்தியாளன் தோளில் வைத்தது. வணிகர் செத்துவிடவில்லை, வியாபாரம் நின்றுவிடவில்லை. இதே வணிகர் நமக்கு விற்கும்போது மாத்திரம் அந்தச் செலவு எங்கே மறைந்தது? மறையவில்லை, நம் மண்ணின் கணக்கில் எழுதப்பட்டது. இன்னொன்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இவ்விளக்குகளைத் தன் சந்தையில் 2023 இல் நிறுத்தியது. பிற நாடுகளுக்கு ஏற்றுவதை அதே நாளில் நிறுத்தவில்லை. அதற்கு 2024 இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது, அதுவும் தவணை கொடுத்து. தன் பிள்ளைக்கு ஆகாதது அயலான் பிள்ளைக்கு ஆகுமாம்!

"இலங்கையில் இதைச் செய்ய வசதியில்லை" என்று எவரும் சொல்லவேண்டாம். இவ்விளக்குகளை அடைத்த இயந்திரத்தில் நொறுக்கிப் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை 2011 இலேயே ஹோமாகமையில் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கும் ஹோமாகமைக்கும் இடையே 400 கிலோமீற்றர் அளவு தெருவிருக்கிறது. விளக்கை ஏற்றி வந்த லொறி வெறுமையாகத்தானே திரும்புகிறது?

கொழும்பைக் குற்றம் சொல்லுவது நமக்குக் கைவந்த கலை. பல வேளைகளில் அது நியாயமும் ஆகும். ஆனால் குப்பை வண்டியைக் கொழும்பு ஓட்டவில்லை. 2025 மே மாதத்தில் நம் வாக்கைப் பெற்றுச் சபைகளுக்குச் சென்றவர்கள் நம்மவர்கள். கடனீரேரிக் கரையிலுள்ள கல்லுண்டாயில் யாழ்ப்பாண நகரத்தின் குப்பை ஆண்டாண்டாக மலைபோற் கொட்டப்பட்டது நம் கண்முன்னேதான். சில ஊர்களில் பிரிக்காத குப்பையை மட்கச் செய்து எருவென்று தோட்டக்காரருக்கு விற்க முனைகின்றனர். கமக்காரர் அந்த எருவை வாங்குமுன், அதற்குள் விளக்குக் கண்ணாடி இல்லை என்று சபை எழுத்தில் தரட்டும் என்று கேட்கவேண்டும். தராவிட்டால் வாங்கவேண்டாம்.

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? அனல்மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்தபோது, முதலில் நமக்குக் கிடைத்த விடையும் "பயப்படவேண்டாம்" என்பதுதான். மக்கள் மல்லாகம் நீதிமன்றம் சென்றனர். 2015 இல் நிலையம் நின்றது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுக் கொண்டுசென்றவர் தென்னிலங்கைச் சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவர் என்பதை, நம் சட்டத்தரணிகள் சற்றே நாணத்தோடு நினைவுகொள்ளலாம். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது: மாசுபடுத்தியவன் செலவைத் தரவேண்டும்; 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும். இந்நாட்டின் அதியுயர் மன்றம் ஏற்ற கோட்பாடு அது. எண்ணெய்க்கு ஒரு நீதி, பாதரசத்துக்கு வேறொரு நீதி இருக்க முடியாது. சுன்னாகத்தில் எண்ணெயைக் கண்ணாற் கண்டோம், மூக்கால் மணந்தோம். பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றில் தெரியும்வரை காத்திருப்பதென்றால் எக்காலமும் காத்திருக்கலாம்.

எல்.ஈ.டி. விற்கும் ஒவ்வொரு கடையும் பழைய சுருள் விளக்கையும் ரியூப் விளக்கையும் உடையாமற் பெற்றுக்கொள்ளவேண்டும். அதற்கான செலவு இறக்குமதியாளனுடையது என்று மத்திய அரசு ஒழுங்குவிதி செய்யவேண்டும். அவ்விதி வரும்வரை நம் சபைகள் உறங்கவேண்டியதில்லை. உபவிதி இயற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. வட்டாரத்துக்கு ஒரு மூடிய பீப்பா, மாதத்துக்கு ஒரு நாள், ஊழியனுக்குக் கையுறை, உரிமம் பெற்றவரோடு ஓர் ஒப்பந்தம், இவ்வளவே வேண்டுவது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகள் ஊர்தோறும் இருக்கின்றன. சேகரிக்கும் இடத்துக்கு வேறெங்கும் தேடவேண்டாம். பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் தம் ரியூப் விளக்குகளை மூலையிற் சாத்தி வைத்து உடைப்பதை விட்டு முதலில் இவற்றை ஒப்படைக்கட்டும்.

வருகின்ற வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் உங்கள் வட்டார உறுப்பினர் இதற்கான பிரேரணையைக் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். கொண்டுவராவிட்டால், அணைந்த விளக்குகளை உடையாமற் பெட்டியிலிட்டுக் கொண்டுபோய்ச் சபைச் செயலாளரின் மேசையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்ட பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 94 ஆம் பிரிவின்படி அவை சபையின் சொத்து என்பதையும் பணிவோடு அவருக்கு நினைவூட்டுங்கள்.